இடத்துக்கு இடம் மாறும் அளவுகோல்

அளவை என்றதும் நமக்கு முழக்கோலும் படியும் தராசும் நினைவுக்கு வருகின்றன. இவை எல்லாவற்றுக்கும் பொதுவான நெறி ஒன்று உண்டு. கோல் கடையில் எவ்வளவு நீளமோ, வயலிலும் அவ்வளவே நீளமாக இருத்தல் வேண்டும். இடத்துக்கு இடம் நீண்டு குறுகும் கோலைக் கொண்டு வாணிகம் செய்பவனை எத்தன் என்போம். ஆனால் கணிதத்தில், அதிலும் பகுப்பியல் என்னும் துறையில், அறிஞர்கள் மனமறிந்தே இடத்துக்கு இடம் மாறும் அளவுகோலைக் கைக்கொண்டிருக்கிறார்கள். அதனைக் கொள்வதால் எதை இழக்கிறோம், எதைக் காத்துக்கொள்ளலாம் என்பதைப் பற்றியே இன்று பேச எண்ணுகிறேன். வானொலியில் கரும்பலகை இல்லை. ஆகவே மாணவ நேயர்கள் ஒரு தாளும் பென்சிலும் அருகில் வைத்துக்கொண்டால் நலம். இரண்டு மூன்று இடங்களில் சிறு கணக்குப் போட வேண்டியிருக்கும்.

நீண்ட கம்பி ஒன்றின் ஒவ்வொரு புள்ளியிலும் ஒரு வெப்பநிலை இருக்கிறது. புள்ளியைச் சொன்னால் வெப்பநிலையைச் சொல்லிவிடும் இந்த விதியே சார்பு எனப்படுவது. இச்சார்பு எவ்வளவு பெரியது என்று ஒருவர் கேட்டால் என்ன விடை கூறுவது? அதன் மிக உயர்ந்த மதிப்பைக் கூறலாம். அல்லது எல்லாப் புள்ளிகளின் மதிப்புகளையும் தொகையிட்டுக் கூறலாம். அல்லது மதிப்புகளை வர்க்கமாக்கியோ கனமாக்கியோ தொகையிட்டு, பின்னர் மூலம் எடுத்துக் கூறலாம். அடுக்கு உயர உயர, சார்பின் கூர்மையான முகடுகளுக்கு அளவுகோல் கடுமையாகிக்கொண்டே போகிறது. ஓர் எடுத்துக்காட்டுத் தருகிறேன். 0 முதல் 1 வரையுள்ள இடைவெளியின் ஒவ்வொரு புள்ளியிலும், 0-விலிருந்து அப்புள்ளியின் தொலைவுக்குக் கனமூலம் கண்டு, அதனால் 1-ஐ வகுத்து வரும் எண்ணைச் சார்பின் மதிப்பாகக் கொள்ளுங்கள். 0-வை நெருங்க நெருங்க இது எல்லையின்றி உயரும். ஆயினும் இதன் தொகை ஒன்றரைதான். இதன் வர்க்கத்தின் தொகை 3. கனத்தின் தொகையோ முடிவிலி. ஆகவே இச்சார்பு அடுக்கு 2 என்னும் சோதனையில் தேறுகிறது. 3 என்னும் சோதனையில் தவறுகிறது. இவ்வாறு தொகைக்கு இடங்கொடுக்கும் இயல்பைத் தொகைமை என்று சுருக்கமாகச் சொல்லிக்கொள்வோம்.

ஒரே சோதனையில் தேறிய சார்புகளையெல்லாம் ஒரு குடும்பமாகத் திரட்டி, அக்குடும்பத்தையே ஒரு வெளியாகவும், ஒவ்வொரு சார்பையும் அவ்வெளியில் ஒரு புள்ளியாகவும் காணும் வழக்கம் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்தது. ஹங்கேரிய அறிஞர் ரீஸ் 1910-இல் இவ்வெளிகளை முறையாக ஆராய்ந்தார். அங்கே அடுக்கு ஒன்று குறித்துவிட்டால் கம்பியின் இடக்கோடியிலும் வலக்கோடியிலும் நடுவிலும் அதே அடுக்குத்தான். முழக்கோலின் நெறி மீறப்படவில்லை.

இந்நெறியை ஏன் மீற வேண்டும்? இயற்கையே மீறும்படி கேட்கிறது என்பதற்கு ஒரு திரவத்தைச் சான்றாகக் காட்டலாம். மின்கடத்தா எண்ணெயில் மிக நுண்ணிய துகள்களைக் கலந்து வைத்து மின்புலத்தைச் செலுத்தினால், துகள்கள் நார்நாராக இணைந்து நிற்க, எண்ணெய் கணப்பொழுதில் குழம்புபோல் இறுகும். மின்புலத்தை நீக்கினால் மீண்டும் இளகும். அமெரிக்கராகிய வின்ஸ்லோ இதனை ஆராய்ந்து 1947-இல் காப்புரிமை பெற்றார். 1949-இல் கட்டுரையும் வெளியிட்டார். இத்திரவத்தின் ஓட்டத்தைக் கணிதமாக்கியவர்கள் இருவர். ஒருவர் சென்னையிலுள்ள இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் 1973-இல் பட்டம் பெற்று அமெரிக்காவில் பேராசிரியராக விளங்கிய கும்பகோணம் இராமமணி இராஜகோபால். மற்றவர் ஜெர்மனியில் பணியாற்றிய ருஷிச்கா. அவர்கள் 1996-இல் வெளியிட்ட மாதிரியில், திரவத்தின் உள்ளுராய்வைக் குறிக்கும் கோவையில் ஓர் அடுக்கு வருகிறது. அந்த அடுக்கு மின்புலத்தின் வலிமையைப் பொறுத்தது. மின்புலமோ ஒவ்வோர் இடத்திலும் ஒவ்வொரு வலிமையுடையது. ஆகவே அடுக்கும் இடத்துக்கு இடம் மாறியே தீரவேண்டும். எந்த நிலையான அடுக்கைக் கொண்டு அளந்தாலும் திரவத்தின் ஒரு பகுதிக்குக் கோல் மிகக் கடுமையாகவும், மற்றொரு பகுதிக்கு மிகத் தளர்வாகவும் இருக்கும்.

மங்கிய புகைப்படத்தைத் துலக்கும் கலையிலும் இதே தேவை எழுகிறது. வானத்தின் பின்னணியில் ஒரு கோபுரம் நிற்கும் படம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வானப் பகுதியில் உள்ள புள்ளிக்கறைகளை நீவிவிட அடுக்கு 2 ஏற்றது. ஆனால் அதே அடுக்குக் கோபுரத்தின் விளிம்பையும் நீவிக் குழப்பிவிடும். விளிம்பைக் காக்க அடுக்கு 1 ஏற்றது. அது வானத்தில் படிப்படியான பொய்த்திட்டுக்களை உண்டாக்கும். விளிம்பருகே 1 என்றும், சமமான பகுதியில் 2 என்றும், இடையே படிப்படியாக மாறுவதாகவும் அடுக்கை அமைக்கும் முறையைச் சென், லெவின், ராவ் ஆகிய மூவர் 2006-இல் ஆராய்ந்து எழுதினர்.

ஆனால் இக்கருத்துப் பிறந்த காலத்தில் திரவமும் இல்லை, படமும் இல்லை. அது பிறந்தது 1931-இல், அந்நாளில் போலந்து நாட்டில் இருந்த லுவூஃப் நகரில். இன்று அது உக்ரைனில் உள்ள லிவிவ். அங்கே பானாக், ஸ்டைன்ஹாவுஸ் என்னும் இரு பேரறிஞர்கள் 1929-இல் தொடங்கிய ஸ்டூடியா மாத்தமாட்டிக்கா என்னும் இதழில், ஓர்லிச் என்னும் இளைஞர் மாறும் அடுக்குகளைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். அந்நகரத்துக் கணித அறிஞர்கள் ஸ்காட்டிஷ் காப்பிக்கடை என்னும் விடுதியில் கூடி, பளிங்கு மேசைமேல் பென்சிலால் எழுதியெழுதி வாதிடுவது வழக்கம். மேசையைத் துடைத்தால் கணிதமும் போய்விடுகிறதே என்று 1935-இல் ஒரு குறிப்பேடு வைத்தார்கள். அதில் மாசூர் என்பவர் 1936-இல் எழுதிய ஒரு வினாவுக்குப் பரிசு உயிருள்ள ஒரு வாத்து. சுவீடன் நாட்டு என்ஃப்லோ 1972-இல் விடை கண்டு அவ்வாத்தைப் பெற்றுக்கொண்டார். ஓர்லிச்சின் மாறும் அடுக்குக்கு அத்தகைய புகழ் வாய்க்கவில்லை. அவரே வேறு திசையில் சென்றுவிட்டார். ஜப்பானில் நகானோ 1950-இல் அதனைத் தொட்டார்; பின்னர் இரஷ்யர் சிலர் தொட்டனர். 1991-இல் கோவாச்சிக், ராகோஸ்னிக் என்னும் இருவர் செக்கோஸ்லோவாக்கியாவிலிருந்து வெளியிட்ட கட்டுரைதான் அடிப்படைகளை ஓரிடத்தில் திரட்டித் தந்தது.

இனித் தாளையும் பென்சிலையும் எடுத்துக்கொள்ளுங்கள். அடுக்கு ஒன்றேயானால், தொகையிட்ட பின் அதற்குரிய மூலத்தை எடுத்து அளவைப் பெறலாம். அடுக்குப் பலவானால் எந்த மூலத்தை எடுப்பது? ஒரு சிறு கணக்கில் இவ்விடர் விளங்கும். நீளம் 2 உடைய ஒரு கம்பி. முதற்பாதியில் சார்பின் மதிப்பு 3, அடுக்கு 1. மறுபாதியில் மதிப்பு 2, அடுக்கு 2. அடுக்கேற்றித் தொகையிட்டால் முதற்பாதி 3, மறுபாதி 4, ஆக 7. சார்பை இருமடங்காக்குங்கள். முதற்பாதி 6, மறுபாதி 16, ஆக 22. பொருளை இரட்டித்தால் அளவும் இரட்டிக்க வேண்டும் என்பது அளவையின் முதல் இலக்கணம்; 7 இரட்டித்தால் 14 அன்றோ? இம்முறை பயன்படாது.

இதற்குக் கண்ட வழி எளியது. ஒரு மரக்காலில் அடங்காத நெல்லை, எத்தனை பங்காக்கினால் ஒரு பங்கு மரக்காலில் சரியாக அடங்கும் என்று கேட்பதுபோலக் கேட்க வேண்டும். சார்பை ஓர் எண்ணால் வகுத்து, பின்னர் அந்தந்த இடத்துக்குரிய அடுக்கை ஏற்றித் தொகையிட்டால் 1-க்கு மேற்படாமல் இருக்க வேண்டும். அவ்வாறு செய்யவல்ல மிகச் சிறிய எண்ணே சார்பின் அளவு. நம் கணக்கில் 4-ஆல் வகுத்துப் பாருங்கள். முதற்பாதியில் முக்கால், மறுபாதியில் அரையின் வர்க்கம் கால், கூட்டினால் சரியாக ஒன்று. ஆகவே அளவு 4. இரட்டித்த சார்பை 8-ஆல் வகுத்தால் அதே முக்காலும் காலும் வருகின்றன, அளவு 8. இலக்கணம் நின்றது. அடுக்கு எங்கும் 2 ஆக இருந்திருந்தால் இதே வழியில் 13-இன் வர்க்கமூலம் கிடைக்கும். அது பழைய விடையே. பழைய கோலைப் புதுக்கோல் தள்ளவில்லை.

ஆனால் இழப்பும் உண்டு. அதை மறைப்பது நேர்மையன்று. நிலையான அடுக்கில் ஒரு சார்பை ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்கு அப்படியே நகர்த்தினால் அதன் அளவு மாறாது. மாறும் அடுக்கில் இது இல்லை. அடுக்கு 2 உள்ள பகுதியில் நாம் முன்பு கண்ட கனமூல முகடு இடம்பெறலாம். அதனை அடுக்கு 4 உள்ள பகுதிக்குத் தள்ளினால் வெளியை விட்டே நீங்கிவிடும். எல்லா நகர்த்தல்களும் வெளிக்குள்ளேயே அடங்குமாயின் அடுக்கு நிலையானதாகவே இருக்க வேண்டும் என்று நிறுவியிருக்கிறார்கள். பகுப்பியலில் நாம் பயன்படுத்தும் கருவிகளில் பாதிக்கு மேல் இந்த நகர்த்தலை நம்பியிருப்பவை. ஆகவே 1991-க்குப் பின்னரும் பல ஆண்டுகள் இத்துறையில் கருவி இல்லாத தச்சனின் நிலையே நிலவியது.

விடிவு வந்த வழி கிரிக்கெட் ஆட்டத்தோடு தொடர்புடையது. நம் இராமானுஜனைக் கேம்பிரிட்ஜுக்கு வரவழைத்த ஹார்டியும் அவருடைய தோழர் லிட்டில்வுட்டும் 1930-இல் ஒரு தேற்றத்தை வெளியிட்டு, அதனை மட்டையாளர் ஒருவரின் ஓட்டச் சராசரியைக் கொண்டே விளக்கினார்கள். ஒவ்வோர் ஆட்டத்தின் முடிவிலும் அவர் பின்னோக்கிப் பார்த்து, கடைசி ஓர் ஆட்டம், கடைசி இரண்டு, கடைசி மூன்று என எத்தனை ஆட்டங்களைச் சேர்த்தால் தம் சராசரி மிக உயர்வாகத் தோன்றுமோ அத்தனையைச் சேர்த்து மகிழ்ந்துகொள்வதாக வைத்துக்கொள்ளுங்கள். இந்த மகிழ்ச்சிச் சராசரி உண்மை ஓட்டங்களைவிட உயர்ந்து தோன்றும். ஆனால் கட்டுக்கடங்காமல் உயராது என்பதே தேற்றத்தின் சாரம். கம்பியில் ஒரு புள்ளியைச் சுற்றி எல்லா இடைவெளிகளிலும் சராசரி கண்டு, அவற்றுள் மிகப் பெரியதை அப்புள்ளியின் உச்சச் சராசரி என்கிறோம். அடுக்கு 1-க்கு மேற்பட்டு நிலையாக இருக்கும்வரை, உச்சச் சராசரி வெளியை விட்டு வெளியேறுவதில்லை.

அடுக்கு மாறினால்? 0-வின் வலப்புறத்தில் அடுக்கு 2, இடப்புறத்தில் அடுக்கு 4 எனத் திடீரென்று தாவட்டும். வலப்புறத்தில் நம் கனமூல முகடும், இடப்புறத்தில் வெறும் சுழியும் இருக்கட்டும். இச்சார்பு சோதனையில் தேறுகிறது. வர்க்கத்தின் தொகை 3 என்று கண்டோமல்லவா? இப்பொழுது இடப்புறத்தில் 0-வுக்கு அருகே ஒரு புள்ளியில் நின்று, 0-வுக்கு அப்பால் அதே தொலைவுவரை செல்லும் இடைவெளியில் சராசரி காணுங்கள். அச்சராசரி முகட்டின் உயரத்தில் சரியாக முக்கால் பங்கு. அதாவது, வலப்புறத்து முகடு இடப்புறத்திலும் தன் நிழலை விழச்செய்கிறது. ஆனால் இடப்புறத்தில் அடுக்கு 4. நிழலை நான்காம் அடுக்குக்கு ஏற்றினால் தொகை முடிவிலியாகிறது. ஒரு பக்கத்தில் குற்றமற்றிருந்த சார்பு, சராசரி எடுத்த அளவிலேயே வெளியேற்றப்பட்டுவிட்டது. திடீர்த் தாவல் ஆகாது என்பது இதனால் தெளிவு.

அப்படியானால் அடுக்கு எவ்வளவு மெதுவாக மாற வேண்டும்? விடை மடக்கையில் இருக்கிறது. 2004-இல் டீனிங் என்னும் ஜெர்மானியர் அதனை நிறுவினார். இரண்டு புள்ளிகளின் தொலைவு பத்தில் ஒன்று, நூற்றில் ஒன்று, ஆயிரத்தில் ஒன்று எனச் சுருங்கும்போது, அவற்றின் அடுக்குகளின் வேறுபாடு ஒன்று, அரை, மூன்றில் ஒன்று என்னும் வரிசைக்கு ஒத்த அளவிலேனும் சுருங்கினால் போதும். அடுக்கு 1-ஐ நெருங்காமலும் இருக்குமாயின், எல்லையுடைய ஒரு பகுதியில் உச்சச் சராசரி கட்டுக்குள் நிற்கும். இதற்குக் காரணத்தையும் தாளிலேயே காணலாம். பத்து இலட்சத்தில் ஒரு பங்கு நீளமுள்ள இடைவெளியில் வேறுபாடு ஆறில் ஒன்று. பத்து இலட்சத்தின் ஆறாம் மூலம் 10. ஆயிரத்தில் ஒரு பங்கு நீளத்தில் வேறுபாடு மூன்றில் ஒன்று. ஆயிரத்தின் மூன்றாம் மூலமும் 10. இடைவெளி எவ்வளவு சிறியதானாலும், அடுக்கு மாறுவதால் விளையும் பிழை பத்து மடங்கைத் தாண்டுவதே இல்லை. இது மிகத் தாராளமான கட்டளை என்பதைக் கவனியுங்கள். வகைக்கெழு வேண்டும் என்றுகூடக் கேட்கவில்லை. ஆயினும் இதனைப் பொதுவாக இன்னும் தளர்த்த இயலாது என்பதைப் பிக் என்பவரும் ருஷிச்காவும் 2001-இலேயே ஓர் எடுத்துக்காட்டால் காட்டிவிட்டனர்.

இதுவரை தொகைமையைப் பற்றி மட்டுமே பேசினேன். சார்புக்கு இன்னொரு குணம் உண்டு, அதுவே வழவழப்பு. எத்தனை முறை வகைக்கெழு எடுக்கலாம் என்பதே வழவழப்பின் அளவு என்று முதலில் கொள்ளலாம். அரை முறை, முக்கால் முறை என்று பின்னமாகவும் பேச வேண்டிவருகையில் இசையின் துணையை நாடுவது நல்லது. ஸ்தாயி ஒன்று ஏறினால் அதிர்வெண் இரட்டிக்கிறது என்பதை அறிவீர்கள். ஒரு சார்பையும் அவ்வாறே ஸ்தாயி ஸ்தாயியாகப் பிரிக்கலாம். 1931-இல் லிட்டில்வுட்டும் பேலியும் வகுத்த முறை அது. மேல் ஸ்தாயிகளில் ஒலி எவ்வளவு விரைவாக அடங்குகிறதோ அவ்வளவு வழவழப்பு. ஒவ்வொரு ஸ்தாயிக்கும் பாதியாக அடங்கினால் வழவழப்பு 1. கால் பங்காக அடங்கினால் 2. இரண்டுக்கும் இடைப்பட்ட எதுவும் ஆகலாம். இவ்வாறு அமைந்த வெளிகளுள் ஒரு வகையை இரஷ்ய அறிஞர் பெசோவ் 1959-இல் வகுத்தார். அவை அவர் பெயராலேயே வழங்குகின்றன.

தொகைமையையும் வழவழப்பையும் தனித்தனியே மாற்றிப் பார்த்தவர்கள் உண்டு. வழவழப்பு மட்டும் இடத்துக்கு இடம் மாறும் வெளிகளைப் பிரெஞ்சு நாட்டுப் போசாமி 1972-இல் எடுத்துக்கொண்டார். ஆனால் இவ்விரண்டும் ஒன்றையொன்று விடாத குணங்கள். அதனைக் காட்டுவதே இப்பேச்சின் நோக்கம் என்றும் சொல்வேன்.

ஒரு தகட்டை எண்ணிப் பாருங்கள். தகட்டின் உள்ளே ஒரு சார்பு இருக்கிறது. அதன் வழவழப்பு 1. தகட்டின் விளிம்பில் மட்டும் அச்சார்பைப் பார்த்தால் எவ்வளவு வழவழப்பு எஞ்சும்? இத்தாலியராகிய காலியார்தோ 1957-இல் விடை கண்டார். ஒன்றிலிருந்து, தொகைமை அடுக்கின் தலைகீழ் எண்ணைக் கழிக்க வேண்டும். அடுக்கு 2 என்றால் விளிம்பில் அரை. அடுக்கு 4 என்றால் முக்கால். நம் தகட்டிலோ அடுக்கு ஒரு கோடியில் 2-இல் தொடங்கி மறுகோடியில் 4-ஆகப் படிப்படியாக உயர்கிறது. அப்பொழுது விளிம்பின் வழவழப்பு அரையிலிருந்து முக்காலாகத் தானே மாறிச் செல்லும்! உள்ளே வழவழப்பை நாம் தொடவே இல்லை. தொகைமையை மட்டும் மாற விட்டோம். விளிம்புக்கு வந்ததும் வழவழப்பும் மாறி நிற்கிறது.

சோபொலெவ் 1938-இல் தந்த தேற்றத்திலும் இதே உறவு தோன்றுகிறது. முப்பரிமாண வெளியில், முதல் வகைக்கெழுவின் வர்க்கம் தொகைக்கு அடங்குமானால், ஓரங்களில் ஒழுங்கான பகுதிகளில் சார்பின் ஆறாம் அடுக்கும் அடங்கும். வழவழப்பைச் செலவிட்டுத் தொகைமையை வாங்கிக்கொள்ளும் வாணிகம் இது. வழவழப்பிலிருந்து, பரிமாணத்தை அடுக்கால் வகுத்து வருவதைக் கழியுங்கள்: 1-இலிருந்து மூன்றின் பாதி போக, குறை அரை, 0-விலிருந்து ஆறில் மூன்று போக, அதுவும் குறை அரை. இரு பக்கமும் சமன். அடுக்கு இடத்துக்கு இடம் மாறினால் இந்த மாற்று விலையும் அந்தந்த இடத்திலேயே கணக்கிடப்பட வேண்டும்.

டீனிங், ஹெஸ்தோ, ரூடென்கோ ஆகிய மூவரும் 2009-இல் வெளியிட்ட கட்டுரையில், இரண்டும் ஒருங்கே மாறும் வெளிகளை அமைத்து, விளிம்புக் கணக்கு அக்குடும்பத்துக்குள்ளேயே முடிவதைக் காட்டினார்கள். அவர்கள் வழவழப்புக்கும் விதித்த கட்டளை அதே மடக்கைக் கட்டளைதான். பத்தாம் ஸ்தாயியில் ஒலியலையின் நீளம் ஏறக்குறைய ஆயிரத்தில் ஒன்று. அவ்வளவு அருகிலுள்ள இரு புள்ளிகளின் வழவழப்பில் வேறுபாடு பத்தில் ஒன்று இருந்தால், அவற்றுக்கு நாம் தரும் எடைகள் இரண்டு மடங்குக்கு மேல் வேறுபடா. இருபதாம் ஸ்தாயியில் இருபதில் ஒன்று வேறுபட்டாலும் அதே இரண்டு மடங்கு. முன்பு பத்து மடங்கில் நின்ற கணக்கே இங்கு வேறு உடையில் வருகிறது. இக்கட்டுரையைப் படித்தபோது எனக்கு மிகுந்த நிறைவு தந்த இடம் இதுவே. பழைய தேற்றங்களில் நிலையான அடுக்கை அழித்து மாறும் அடுக்கை எழுதி அச்சிட்ட கட்டுரைகள் இத்துறையில் ஏராளம். அவற்றுள் பல எதற்காக எழுதப்பட்டன என்பது எனக்கு விளங்குவதில்லை. இக்கட்டுரையோ விளிம்பு என்னும் வினா கேட்டபடியே எழுதப்பட்டது.

இவ்வெளிகளுக்கு மூன்றாவதாக ஓர் எண்ணும் உண்டு. ஸ்தாயிகளையெல்லாம் ஒன்றுசேர்த்துக் கூட்டும்போது எந்த அடுக்கில் கூட்டுவது என்பதைக் குறிப்பது அது. விளிம்புக் கணக்கில் அதுவும் தொகைமை அடுக்காகவே மாறிவிடுவதால், அதனையும் மாறவிடுவது தேவையாகிறது. இங்கேதான் சங்கடம் மிகுந்தது. ஸ்தாயிகளைக் கூட்டும் அடுக்கு இடத்துக்கு இடம் மாறினால், ஸ்தாயிகள் அனைத்துக்கும் ஒருசேரப் பயன்படும் உச்சச் சராசரித் தேற்றம் பொய்த்துப்போகிறது. அம்மூவர் அதனை விட்டு வேறு சராசரிகளைக் கைக்கொள்ள வேண்டியதாயிற்று. பெசோவின் வெளிகளுக்கு இதே வேலையை அல்மெய்டாவும் ஹெஸ்தோவும் 2010-இல் செய்தார்கள். அவர்கள் வகுத்த அளவு உண்மையில் அளவுதானா, அதாவது இரு சார்புகளின் கூட்டலின் அளவு தனித்தனி அளவுகளின் கூட்டுத்தொகையை மீறாதிருக்குமா என்ற வினா எழுந்தது. அடுக்குகள் எங்கும் 1-க்குக் குறையாதிருந்தால் மீறாது என்பது அவர்களின் எதிர்பார்ப்பு. 2013-இல் கெம்ப்கா, வீபிரால் என்னும் இருவர் இரண்டு முடிவுகளை வெளியிட்டனர். ஸ்தாயி அடுக்கு எங்கும் தொகைமை அடுக்குக்கு மேற்படாமலும் 1-க்குக் குறையாமலும் இருந்தால் மீறாது என்பது ஒன்று. மற்றொன்று ஓர் எடுத்துக்காட்டு: அதில் அடுக்குகள் 1-க்குக் குறையவில்லை, ஆயினும் இரண்டு பக்கங்களின் கூட்டுத்தொகையைவிட மூன்றாம் பக்கம் நீண்டிருந்தது.